தூற்றினேன் என்று ஒருத்தி சொன்னாள்

மேலூர் நீதிமன்றத்தில் நான் தட்டச்சர். பெயர் சமீனா. வீடு மதுரை முனிச்சாலையில். தினமும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி முக்கால் மணி நேரத்தில் மேலூரில் இறங்குவேன். பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

சாட்சி பேசுவது ஒன்று, நான் அடிப்பது இன்னொன்று. "மம்பட்டிக் காம்ப வச்சு மண்டையில போட்டுட்டான்யா" என்பார் சாட்சி. நடுவர் அதைக் கேட்டுக்கொண்டு, "எதிரி மண்வெட்டியின் கைப்பிடியால் என் தலையில் தாக்கினார்" என்று எனக்குச் சொல்வார். நான் அதை அடிப்பேன். அழுகை, திட்டு, இருமல் எல்லாம் வடிந்துபோய் சுத்தமான ஒரு வாக்கியம் திரையில் நிற்கும். 'அவதூறு' என்ற சொல்லையும் அப்படி எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். ஒரு சட்டப் பிரிவின் பெயர் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

போன தை மாதம் அந்த வழக்கு வந்தது. மேலூருக்கு வடக்கே நொச்சிக்கண்மாய்ப்பட்டி என்று ஒரு ஊர். புகார் கொடுத்தவர் தாமரைச்செல்வி. முப்பத்து நான்கு வயது. அந்த ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு டேங்க் ஆபரேட்டர். விடிகாலை ஐந்தரைக்கு மோட்டார் போட்டு, தெருத் தெருவாக வால்வு திறந்து மூடுவது, தொட்டியைக் கழுவிக் கிருமி கொல்லும் மருந்துப் பவுடர் போடுவது அவர் வேலை. வீட்டுக்காரர் கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறார். எதிரி பாண்டீஸ்வரி. நாற்பது தாண்டியவர். தையல் கடை வைத்திருக்கிறார், ஊர் மகளிர் குழுவுக்கும் அவர்தான் தலைவி.

நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். அந்த ஐப்பசியில் ஊரில் பதினேழு பேருக்கு வாந்தி பேதி. பாண்டீஸ்வரியின் வீட்டுக்காரர் தங்கப்பாண்டிக்கு மஞ்சள் காமாலையும் சேர்ந்துகொண்டு, மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் பாண்டீஸ்வரி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். ஊர் முழுக்கப் பரவி, மேலூருக்கு வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போனது. அதற்குள் ஊராட்சியில் தாமரைச்செல்வியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பால் வாங்கும் இடத்தில் அவர் போய் நின்றால் மற்றவர்கள் நகர்ந்தார்கள். ஒரு நாள் காலையில் அவர் வாசலில் ஒரு நாய்க்குட்டியின் உடல் கிடந்தது. அதன் கழுத்தில் யாரோ புதுச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள்.

நான்கு மாதம் கழித்து உண்மை தெரிந்தது. தொட்டித் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பாலத்துக்கு அடியில் குழாய் உடைந்து, அதில் சாக்கடை கலந்திருந்தது. குழாயை மாற்றினார்கள். தாமரைச்செல்விக்கு வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் சொன்னது பொய் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அவர் நீதிமன்றத்துக்கு வந்தார்.

அன்றைக்கு எதிரியை விசாரிக்கும் நாள். எங்கள் நடுவர் ஒரு பெண். அதிகம் பேசாதவர், கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். பாண்டீஸ்வரி கூண்டில் ஏறி நின்றார். நல்ல உயரம். பச்சை நூல் சேலை, கையில் ஒரு மஞ்சள் பை. எதிர்ப் பக்கத்து பெஞ்சில் தாமரைச்செல்வி உட்கார்ந்திருந்தார், பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி, முகத்தில் எதுவும் இல்லாமல்.

நடுவர் குற்றச்சாட்டின் சாரத்தைப் படித்தார். வாய்ஸ் மெசேஜில் இருந்ததை எழுத்தில் இணைத்திருந்தார்கள். அதையும் படித்தார்:

"எல்லாரும் கேட்டுக்கங்க. நம்ம தொட்டிக்குள்ள நாயி செத்துக் கெடக்கு. கழுத்துல செவப்புக் கயிறு கட்டுன நாயி. நான் என் கண்ணால பார்த்தேன். அந்தத் தாமரை மூணு மாசமா தொட்டியக் கழுவல. மருந்துப் பவுடரை வித்துத் தின்னுட்டா. அவ வீட்டுல மட்டும் கேன் தண்ணி. என் வீட்டுக்காரர் சாகக் கெடக்காரு."

செவப்புக் கயிறு என்று நடுவர் படித்த இடத்தில் என் விரல்கள் நின்றுவிட்டன.

எனக்கு அந்தச் சொற்கள் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால், பஸ்ஸில் உட்கார்ந்து அந்த மெசேஜைக் கேட்டிருக்கிறேன். யார் அனுப்பினார்கள் என்று நினைவில்லை. கேட்டவுடன் திண்டுக்கல்லில் இருக்கும் என் தங்கை நஜ்முன்னிசாவுக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி எழுதினேன்: 'மேலூர்ப் பக்கம் வந்தால் தண்ணீர் குடிக்காதே.' அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் மேலூரில் தண்ணீர் குடித்ததில்லை. வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவேன். அன்றும் மேசைக்கு அடியில் அது இருந்தது.

"குற்றத்தை ஒப்புக்கொள்றீங்களா, மறுக்கிறீங்களா?" என்று நடுவர் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும். வக்கீல்கள் சொல்லிக் கொடுத்துத்தான் கூட்டி வருவார்கள். 'இல்லை' என்ற சொல்லை முன்கூட்டியே அடித்து வைத்துவிடும் பழக்கம்கூட எனக்கு உண்டு. அன்றும் அடித்து வைத்திருந்தேன்.

"ஒத்துக்கிறேன்மா. செஞ்சேன்."

அவருடைய வக்கீல் விக்ரம் சின்ன வயதுக்காரர். விருட்டென்று எழுந்தார். "அம்மா, ஒரு நிமிஷம். எதிரி ஏதோ பதட்டத்துல..."

"பதட்டமெல்லாம் இல்ல தம்பி. நீங்க உக்காருங்க" என்றார் பாண்டீஸ்வரி.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபமில்லை, நன்றாகப் பார்ப்பதற்காகக் கழற்றியது போல இருந்தது. "இதுக்குத் தண்டனை உண்டு. அது தெரியுமா? அவதூறுன்னா என்னன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"அந்த வார்த்தைய சம்மன்லதாம்மா மொத மொதப் பார்த்தேன். எங்க ஊர்ல தூத்துறதுன்னு சொல்லுவோம்."

நடுவர் என் பக்கம் திரும்பினார். "சமீனா, நான் சொல்லப் போறதில்லை. அவங்க சொல்றதை அப்படியே அடிங்க."

சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், முடிந்த மட்டும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும். பதினோரு வருடத்தில் எனக்கு அந்த விதி வேலை வைத்ததே இல்லை. 'இல்லை' என்பதை அழித்துவிட்டு அடிக்க ஆரம்பித்தேன்.

"களத்துல நெல்லுத் தூத்துவோம்ல, அதே வார்த்தைதாம்மா" என்றார் பாண்டீஸ்வரி. "நெல்ல சும்மா தூத்த முடியாது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துத்தான் நிக்கணும். நானும் பார்த்துத்தான் நின்னேன். ஊர்ல அம்புட்டுப் பேருக்கு வாந்தி பேதி. எல்லாருக்கும் யாரையாச்சும் பிடிச்சுத் திட்டணும் போல இருந்துச்சு. காத்து நல்லா அடிச்சுச்சு. நான் மொறத்தத் தூக்குனேன்."

"தொட்டியில நாயைப் பார்த்தீங்களா?"

"இல்லம்மா. நான் அந்தத் தொட்டி மேல ஏறுனதே இல்ல. ஏணியப் பார்த்தாலே எனக்குத் தல சுத்தும்."

கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. மற்ற வழக்குகளுக்காக வந்திருந்தவர்களும் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எங்க வீட்டுல ஒரு காதுகுத்து வச்சிருந்தோம். அன்னைக்கு எங்க தெரு வால்வ இன்னும் பத்து நிமிசம் திறந்து விடுன்னு கேட்டேன். மேலத்தெருவுக்குத் தண்ணி ஏறாது, முடியாதுன்னுட்டா. விருந்தாளுக முன்னாடி சொல்லிட்டா. அது நெஞ்சுக்குள்ளயே கெடந்துச்சு. அவரு ஆஸ்பத்திரியில கெடக்கயில அது வெளிய வந்துருச்சு." அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "இன்னொண்ணும் இருக்கும்மா. இது எந்தக் காயிதத்துலயும் இருக்காது. என் வக்கீலுக்கும் தெரியாது."

விக்ரம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நான் மொதல்ல பேசுனது அது இல்ல. மொதல்ல பேசயில, தொட்டியில ஏதோ செத்துக் கெடக்காம்னு கேள்விப்பட்டேன்னுதான் பேசுனேன். அதுவும் பொய்தான், யாரும் என்கிட்டச் சொல்லல. அனுப்புறதுக்கு முன்னாடி போட்டுக் கேட்டேன். தெம்பே இல்ல. யாரும் நம்ப மாட்டாகன்னு தோணுச்சு. அழிச்சுட்டேன். மறுபடியும் பேசுனேன். அப்பத்தான் கண்ணால பார்த்தேன்னு சொன்னேன். நாயின்னு சொன்னேன். அப்பவும் பத்தல. எப்படி நாயின்னு கேப்பாகல்ல? கயித்தக் கட்டுனேன். செவப்புன்னு சொன்னேன். போட்டுக் கேட்டேன். எனக்கே அந்த நாயி தெரிஞ்சுச்சும்மா. அப்புறந்தான் அனுப்புனேன்."

நான் அடித்துக்கொண்டே இருந்தேன். எத்தனையோ அடிதடிக்காரர்கள், திருடர்கள் சொன்னதையெல்லாம் என் கை அடித்திருக்கிறது. யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒன்றை, அழித்துப்போட்ட ஒன்றை, தன் தலையில் தானே எடுத்து வைத்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. எழுந்து நின்றிருந்த போலீஸ்காரர் ஒருவர் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ரெண்டு வருசமா சொல்லாம, இப்ப ஏன் சொல்றீங்க?" என்று கேட்டார் நடுவர். அது வழக்குக்குத் தேவையான கேள்வி இல்லை. அவருக்கே தெரிய வேண்டும் என்று கேட்டது போல இருந்தது.

"போன மாசம் மேலூர்ல இருந்து பஸ்ல போனேம்மா. முன் சீட்டுல ரெண்டு பொம்பளைக. எங்க ஊரு இல்ல, எந்த ஊரோ. அதுல ஒருத்தி இந்தக் கதையச் சொல்லிக்கிட்டு வாரா. நாயி, செவப்புக் கயிறு, எல்லாம். சொல்லிட்டு, நான் என் கண்ணால பார்த்தேன்னு சொல்றா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. குனிஞ்சு, ஏத்தா, அது பொய், நாந்தான் கட்டிவிட்டேன்னு சொன்னேன். அவ என்னைய ஏற எறங்கப் பார்த்தா. நீ என்னத்தக் கண்ட, நான் அங்கனயேதான் நின்னேன், தொட்டியில இருந்து எறக்கும்போது பார்த்தேன்னு சொல்றா. நான் ஆண்டவன் மேல சத்தியம் பண்ணுனேன். பஸ்ல ஒருத்தரும் நம்பல. இவ ஏதோ காசு வாங்கிட்டுப் பேசுறான்னுட்டாக."

அவர் குரல் முதல் தடவையாக உடைந்தது.

"நான் செஞ்ச நாயி. என்னாலயே அதக் கொல்ல முடியலம்மா. எங்கனயாச்சும் எழுதி வச்சாத்தான் உண்டுன்னு நெனச்சேன். இங்க சொன்னா எழுதுவாகல்ல? அதான்."

நடுவர் தாமரைச்செல்வியை எழுந்து நிற்கச் சொன்னார். இது சமாதானமாகப் போகக்கூடிய வழக்கு, விருப்பம் உண்டா, இல்லையென்றால் இன்றே தீர்ப்புச் சொல்லலாம் என்று விளக்கினார்.

தாமரைச்செல்வி கூண்டைப் பார்க்கவே இல்லை. "இவுக செயிலுக்குப் போறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கண்ணால பார்த்தேன்னு சொன்னாகள்ல. வந்து பார்க்கட்டும். தொட்டி மேல ஏறி உள்ள பார்க்கட்டும். அதுக்கப்புறம் சொல்றேன்."

"அப்படி உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்லைங்க."

"நீங்க போட வேண்டாம்மா. அவுகதான் வரணும்."

"வாரேன்" என்றார் பாண்டீஸ்வரி.

நடுவர் வழக்கைப் பத்து நாள் தள்ளி வைத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் என் கணவர் முஜிபுர் ரஹ்மானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடை. டீயை ஆற்றிக்கொண்டே கேட்டவர், "உள்ளதை ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி பேசுனா கீபத். இல்லாததைப் பேசுனா புஹ்தான். இது புஹ்தான்" என்றார்.

"அது அவங்களுக்கு. நான் செஞ்சதுக்கு என்ன பேரு? எனக்கு அது இல்லாததுன்னு தெரியாது. உள்ளதுன்னும் தெரியாது. கேட்டேன், அனுப்புனேன்."

அவர் தன் போனை எடுத்து எதையோ தேடினார். கொஞ்ச நேரம் கழித்து, "நானும் அனுப்பியிருக்கேன் சமீனா. ஒன்பது பேருக்கு" என்றார். டீ ஆறிப்போனது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

பாண்டீஸ்வரி தொட்டி ஏற நாள் குறித்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நொச்சிக்கண்மாய்ப்பட்டிக்குப் போனேன். நீதிமன்ற ஊழியர் ஒருவர் அப்படிப் போகலாமா என்று தெரியாது. போனேன். நெல் அறுப்புக்கு நின்றது. ஊர்க்கோடியில் தொட்டி, நான்கு தூணில் பனை உயரத்துக்கு. சுற்றிலும் நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். தாமரைச்செல்வி சாவிக் கொத்தோடு ஏணிக்கு அடியில் நின்றார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "நீங்க கோர்ட்டுல..." என்றார்.

"ஆமா. அந்த மெசேஜை நானும் அனுப்பியிருக்கேன். அதான் வந்தேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நீதிமன்றத்தில் பார்த்த அதே முகம். "எத்தனை பேருக்கு?"

"ஒருத்திக்கு. என் தங்கச்சிக்கு."

"அவுக யாருக்கு அனுப்புனாக?"

"தெரியாது."

"சரி, ஏறுறீகளா? அந்த அங்கியோட ஏற முடியாது."

புர்காவைக் கழற்றி மடித்து மோட்டார் அறைத் திண்டில் வைத்தேன். துப்பட்டாவை இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டேன். முதலில் தாமரைச்செல்வி, அடுத்து பாண்டீஸ்வரி, கடைசியில் நான்.

பாண்டீஸ்வரிக்குத் தலை சுற்றும் என்றது பொய்யில்லை. நான்கு கம்பி ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மேலே அவர் பாதங்கள் நடுங்குவது ஏணி வழியாக என் கைக்கு வந்தது. கீழே இருந்து தங்கப்பாண்டி, "எறங்கிரு பாண்டீசு, போதும்" என்று கத்தினார். அவர் இப்போது நன்றாகத் தேறி இருந்தார். பாண்டீஸ்வரி இறங்கவில்லை. ஒவ்வொரு கம்பியையும் கட்டிப்பிடித்துக் கட்டிப்பிடித்து ஏறினார்.

"கண்ணத் தொறந்துக்கிட்டு ஏறுங்க" என்று மேலே இருந்து தாமரைச்செல்வியின் குரல் வந்தது. "பாதியில ஒரு கம்பி ஆடும். அதுல கால் வைக்காதீக, அடுத்ததுல வைங்க."

மேலே காற்று முகத்தில் அறைந்தது. நான் பதினோரு வருடமாக பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த நிலம் அது, ஆனால் அதை அப்படி நான் பார்த்ததே இல்லை. மஞ்சளும் பச்சையுமாக வயல், நடுவில் கால்வாய், கண்மாய்க்குப் பின்னால் கண்மாயாகத் தண்ணீர், கிழக்கே பாறை வெட்டி எடுத்து வெள்ளையாக நிற்கும் பாதி மலை, மேற்கே அழகர்மலை முழுசாக. ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் இதே போல ஒரு தொட்டி. எண்ண ஆரம்பித்தேன், பதினொன்றோடு நிறுத்திவிட்டேன். ஒவ்வொன்றின் கீழும் ஒருவர் விடிகாலையில் வந்து வால்வு திறப்பார் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

தாமரைச்செல்வி பூட்டைத் திறந்து இரும்பு மூடியைத் தூக்கினார். "பாருங்க."

பாண்டீஸ்வரி முழங்காலிட்டு, இரண்டு கையையும் ஊன்றி, தலையை உள்ளே நீட்டினார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். உள்ளேயிருந்து குளிர்ச்சியும் மருந்துப் பவுடர் வாசமும் வந்தன. நானும் பக்கத்தில் குனிந்தேன். வெயில் ஒரு தூண் போல உள்ளே இறங்கி அடித்தரையைத் தொட்டது. ஆளுயரத் தண்ணீருக்குக் கீழே சிமெண்டுத் தரையின் கோடுகள் தெரிந்தன. அவ்வளவு தெளிவு.

"இம்புட்டுத் தண்ணியா" என்றார் பாண்டீஸ்வரி. மெதுவாகத்தான் சொன்னார். தொட்டி அதை வாங்கி, பெரிதாக்கி, நான்கு பக்கமும் திருப்பிச் சொன்னது. அவர் பயந்து தலையை வெளியே எடுத்துக்கொண்டார். முகமெல்லாம் ஈரம்.

"பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா எறங்கிக் கழுவுவேன்" என்றார் தாமரைச்செல்வி. "நிறுத்தி வச்ச நாலு மாசமும் வேற ஆளு கழுவல. மாத்துச் சாவி என்கிட்ட இருந்துச்சு, அந்த நாலு மாசமும் நான் ராத்திரி வந்து கழுவுனேன். இந்தத் தண்ணியத்தான அம்புட்டுப் பேரும் குடிக்கிறாக."

இதை அவர் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கவில்லை. புகாரிலும் இல்லை. தன்னை ஒதுக்கி வைத்த ஊருக்காக, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பயந்து பயந்து, கையில் தேய்ப்பானோடு அந்த இருட்டுக்குள் இறங்கிய ஒருத்தியை நினைத்துப் பார்த்தேன். பாண்டீஸ்வரி அவர் காலைத் தொடக் குனிந்தார். தாமரைச்செல்வி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அதெல்லாம் வேணாம். போன எடுங்க. பேசுங்க."

பாண்டீஸ்வரி போனை எடுத்தார். பேச ஆரம்பித்து, திக்கி, அழிக்கப் போனார்.

"அழிக்காதீக" என்றார் தாமரைச்செல்வி. "வர்றது வரட்டும்."

காற்றோடு சேர்ந்து பதிவான அந்த மெசேஜ் என் போனிலும் இருக்கிறது. "நான் பாண்டீஸ்வரி பேசுறேன். தொட்டி மேல இருந்து பேசுறேன். உள்ள நாயி இல்ல. எப்பவும் இருந்ததில்ல. செவப்புக் கயிறு நான் சொன்னது, என் வாயில இருந்து வந்தது. தாமரை தொட்டியக் கழுவாம இருந்ததே இல்ல. நான் தூத்துனேன். பொய் சொல்லித் தூத்துனேன். இத எல்லாருக்கும் அனுப்புங்க. அன்னைக்கு அனுப்புன மாதிரியே அனுப்புங்க." பிறகு கொஞ்ச நேரம் வெறும் காற்று. அவ்வளவுதான்.

இறங்கும்போது தாமரைச்செல்வி எங்களுக்குக் கீழே முதலில் இறங்கினார். பாண்டீஸ்வரியின் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு கம்பியிலும் வைத்தார். கீழே வந்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மேலத்தெரு வால்வைத் திறக்கப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து சமாதான மனு தாக்கல் ஆனது. நான்தான் அடித்தேன். அந்த மனுவுக்கு என்று வழக்கமாக ஒரு வாசகம் உண்டு. 'எதிரியை நான் முழுமனதுடன் மன்னித்துவிட்டேன்' என்று வரும். தாமரைச்செல்வி விரலை வைத்து வரிக்கு வரி படித்தார். அந்த இடத்தில் விரல் நின்றது.

"இத எடுத்துருங்க."

"எல்லா மனுவிலயும் இது இருக்கும்மா" என்றார் அவருடைய வக்கீல்.

"நான் மன்னிக்கல. மன்னிக்க வருமான்னும் தெரியல. கேஸு வேணாம், அம்புட்டுத்தான். இல்லாதத ஏன் எழுதணும்?"

நடுவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். 'வழக்கை மேற்கொண்டு நடத்த எனக்கு விருப்பமில்லை' என்று மாற்றி அடித்தேன். கூண்டுப் பக்கம் நின்றிருந்த பாண்டீஸ்வரி அதைக் கேட்டார். அவர் முகம் வாடவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது போலத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வெளியே போகும்போது இரண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்குத்தான் நின்றார்கள், பத்தடி தள்ளித் தள்ளி.

அந்த இரண்டாவது மெசேஜ் பழையது போன தூரம் போகவில்லை. நொச்சிக்கண்மாய்ப்பட்டியில் எல்லோரும் கேட்டார்கள். பால் வாங்கும் இடத்தில் இப்போது யாரும் நகர்வதில்லை என்று தாமரைச்செல்வி ஒரு நாள் போனில் சொன்னார். மேலூரில் சிலர் கேட்டார்கள். என் கணவர் அந்த ஒன்பது பேருக்கும் அனுப்பினார், நான்கு பேர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நான் நஜ்முன்னிசாவுக்கு அனுப்பிவிட்டு, அன்றே போன் போட்டேன்.

"என்ன லாத்தா இது, காத்துச் சத்தமா இருக்கு? எந்த நாயி?" என்றாள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு வாய்ஸ் அனுப்புனேன்ல. தொட்டியில நாய் செத்துக் கெடந்துச்சுன்னு."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"நீ யாருக்காச்சும் அனுப்புனியா?"

"ஞாபகமே இல்லைங்கிறேன். அனுப்புனேனா இல்லையான்னு எங்க கண்டேன்? ஆனா ஒண்ணு லாத்தா. மேலூர்ப் பக்கம் வந்தா என்னமோ எனக்குத் தண்ணி குடிக்கவே பிடிக்க மாட்டேங்குது. போன மாசம் அங்க ஒரு கல்யாணத்துக்கு வந்தோம்ல, பிள்ளைகளையும் குடிக்க விடல. ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல."

சொன்ன சொல் மறந்துபோயிருந்தது. சொன்னவரை அவளுக்குத் தெரியாது. தாமரைச்செல்வி என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. அப்படியும் அது அவளுக்குள் போய், அவள் கையைப் பிடித்து, டம்ளரை எடுக்க விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அவள் பிள்ளைகளுக்கும் போய்விட்டது.

"ஏன்னு நான் சொல்றேன். வேலை ஒண்ணும் இல்லையே?" என்றேன்.

"இல்ல, சொல்லு."

நான் உட்கார்ந்துகொண்டு, பாண்டீஸ்வரி வீட்டுக் காதுகுத்திலிருந்து ஆரம்பித்தேன்.